ஞாயிற்றுக்கிழமை ஆகாத மிஷின்

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்றால் முதலில் ஒயரைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. டிரைவரை அழிப்பார்கள், விண்டோஸையே திரும்பப் போடுவார்கள், விற்ற கடைக்காரனைத் திட்டுவார்கள். கடைசியில் பார்த்தால் பின்னால் பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். இதை நம் சங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்று நீங்கள் இருவரும் இவ்வளவு கவனமாகக் கேட்பது எனக்கு மெத்த சந்தோஷம்.

டேப் ஓடுகிறதா குணா? சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. மைக் சொருகியிருக்கிறதா பாருங்கள். சரி.

டேப்புக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரங்கன். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் வானொலிச் சங்கத்தின் தலைவர், வண்டலூர் திரிபுரசுந்தரி மேடம். செயலாளர், பல்லாவரம் குணா. செம்பாக்கம் தசரதன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏன் ஊமையானது என்று என்னைக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். குறுக்கே கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

தசரதனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டேப்புக்குத் தெரியாது அல்லவா. செம்பாக்கத்தின் பழைய குடும்பம். அவர் அப்பா நெல் போட்ட இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. அந்த அடுக்குமாடிக்கே கம்பியும் சிமெண்டும் சப்ளை செய்தது தசரதனின் கடை. லோடு லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த குரல். மைக் இல்லாமலே மேடவாக்கம் வரை கேட்கும் என்று குணா சொல்வார். ஞாயிறு காலையில் நாம் எல்லாரும் நாற்பது மீட்டர் அலையில் கூடிப் பேசுவோமே, நெட் என்று நாம் சொல்லும் அந்த வானொலிக் கூட்டத்தைப் பதினைந்து வருஷமாக நடத்தியவர் அவர்தான். "இன்னாபா, அல்லாரும் கீறீங்களா?" என்பார். அதோடு நெட் ஆரம்பமாகிவிடும். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தை கிண்டல் செய்வார்.

என்னைக் கூப்பிடும்போது என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "ரங்கா, உன் சிக்னல் சூப்பரா வந்துகினு கீது. உன் கொரலுதான் இன்னும் வூட்டவுட்டு கெளம்பல." எனக்குச் சின்னக் குரல். பிறவியிலேயே அப்படி. எல்லாரும் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். மேடம், நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, சும்மா சொன்னேன்.

சென்ற கோடையில் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் பேச்சு போய்விட்டது. காந்தாம்மா, அவர் மனைவி, ஒரு சிலேட்டும் சாக்பீஸ் டப்பாவும் வாங்கிக் கொடுத்தார். எழுதிக் காட்டுவார், பிறகு உள்ளங்கையால் அழித்துவிடுவார். ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் குரல்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். மைக்கை எடுப்பார், துடைப்பார், வைப்பார்.

அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தாங்கவில்லை. அதனால்தான் ஆடி மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சிலேட்டில் எழுதுவார், நான் அவர் மைக்கில் அதைப் படிப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். அப்போது நீங்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினீர்கள். மேடம், "ரங்கன் சார் மாதிரி ஒரு ஃப்ரெண்ட் கிடைக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று ரேடியோவிலேயே சொன்னீர்கள். அதுவும் டேப்பில் இருக்கட்டும்.

முதல் ஞாயிறு அவர் எழுதியது, "ஒடம்பு தேவலாம்பா. அல்லாரும் எப்டி கீறீங்க?" இதை அப்படியே எப்படிப் படிப்பது? நான் படித்தது, "தசரதன் நலமாக உள்ளார். அனைவரின் அன்புக்கும் நன்றி தெரிவிக்கிறார்." அவர் சாக்பீஸால் மேஜையைத் தட்டினார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் குணாவைப் பற்றி ஏதோ நக்கலாக எழுதினார், பல்லாவரம் சந்தையில் வாங்கிய பழைய ஆன்டெனா பற்றி. நோயாளி மனிதர், இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அப்போதும் மேஜையைத் தட்டினார், கொஞ்சம் பலமாக.

குரல் என் குரல்தான், சின்னதுதான். ஆனால் அது தசரதன் ஸ்டேஷனிலிருந்து, உரிமத்தோடு அவருக்குக் கிடைத்த அழைப்புக்குறியில் வந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். நடுவில் யாரும் பேசவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது புதுசாக இருந்தது.

பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். அவர் கழுத்து மூச்சின் சத்தம் மைக்கில் விழுகிறது, கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லி, அவரை ஹாலில் உட்கார வைத்தேன். சிலேட்டை எழுதி காந்தாம்மாவிடம் கொடுத்தனுப்புவார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுவேன், கதவைச் சாத்திக்கொண்டு. ரேடியோ அறை எப்போதும் அமைதியாக இருக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஆவணியில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்க வருவதாகச் சொன்னீர்கள். சிலேட்டில் வந்த பதில், "வாங்கபா. வஞ்சிரம் வாங்கி வெக்கிறேன்." நான் உங்களிடம், "தசரதன் இப்போது யாரையும் சந்திக்கும் நிலையில் இல்லை, மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்" என்று சொன்னேன். தொற்று வந்துவிட்டால் என்ன ஆவது? அவருக்காகத்தான். அந்த ஞாயிறு வந்ததும் அவரிடம், உங்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது, தவிர அவரை இந்தக் கோலத்தில் பார்க்கக் கூச்சப்படுகிறார்கள் என்று சொன்னேன். அவர் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். காந்தாம்மா காலையிலேயே சிட்லபாக்கம் மார்க்கெட்டுக்குப் போய் பெரிய மீனாக வாங்கி வந்துவிட்டிருந்தார். வீணாகப் போகக் கூடாதே என்று நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். குழம்பு பிரமாதம்.

குணா, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் கம்ப்யூட்டருக்கே வரவில்லை.

கம்ப்யூட்டர் யோசனை உங்களுடையதுதானே. பேச முடியாவிட்டால் என்ன, தட்டச்சு செய்யலாமே என்றீர்கள். நீங்கள் எழுத்தைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதை மெல்லிய விசில் சத்தமாக மாற்றும், ரேடியோ அந்த விசிலை அனுப்பும், எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மறுபடியும் எழுத்தாக்கும். திரையில் நீல நிறத்தில் ஒரு அருவி விழுந்துகொண்டே இருக்கும், அதில் நம் விசில் மஞ்சள் கோடாகத் தெரியும். குழந்தைகூடச் செய்யலாம். நெட்டில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டு தசரதனின் முதல் எழுத்துக்காகக் காத்திருந்தீர்கள். அமைத்துக் கொடுக்க யாரைச் சொன்னீர்கள்? சவுண்டு கார்டு விஷயத்தில் சங்கத்திலேயே கைதேர்ந்தவன் என்று என்னைச் சொன்னீர்கள்.

ஒழுங்காகத்தான் அமைத்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் கட்டைவிரல் அளவில் ஒரு யு.எஸ்.பி. சவுண்டு கார்டு வாங்கினேன். ரேடியோவுக்கும் அதற்கும் நடுவில் சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்து, இரைச்சல் வராமல் கேபிள் செய்தேன். கம்ப்யூட்டரின் டிங், டொடங் சத்தங்கள் காற்றில் போய்விடக் கூடாது என்று விண்டோஸ் சத்தம் அத்தனையையும் அணைத்து வைத்தேன். இது நல்ல பழக்கம், எல்லாரும் செய்யுங்கள். பிளக்கைச் சொருகினாலும் பிடுங்கினாலும்கூட மூச்சு விடாது.

சனிக்கிழமை மாலை சோதனை. ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டினோம். அந்த நேரத்தில் நாற்பது மீட்டரில் வெளிநாட்டு ஒலிபரப்பு இரைச்சல்தான் இருக்கும், நம் ஆட்கள் கிடைப்பது காலையில்தான். என் லேப்டாப்பை ஒரு சின்ன ரிசீவரோடு இணைத்து எதிர் மேஜையில் வைத்தேன். தசரதன் ஒற்றை விரலால் தட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ். பல்பு விட்டு விட்டு எரிந்தது. என் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: இன்னாபா, அல்லாரும் கீறீங்களா.

காந்தாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். "அதே பேச்சு சார். அப்டியே அந்தாளு பேசறாப்லயே கீது," என்றார். தசரதன் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் கண் கலங்கியது. அதே நிமிஷத்தில் வயிறும் எரிந்தது. உண்மையைச் சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நாளை காலை எட்டு மணிக்கு அது யாருக்கும் வேண்டாம்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் சவுண்டு கார்டைக் காணோம் என்றது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். கம்ப்யூட்டருக்குப் பின்னால் யு.எஸ்.பி. துளைகள் வரிசையாக இருக்கும். நமக்கு எல்லாத் துளையும் ஒன்றுதான். விண்டோஸுக்கு அப்படி இல்லை. இந்த மாதிரி மலிவான சவுண்டு கார்டை ஒரு துளையிலிருந்து எடுத்துப் பக்கத்துத் துளையில் சொருகினால், அது ஏதோ புது ஆள் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும். அதே பெயருக்குப் பின்னால் இரண்டு என்று எண் போட்டுப் பதிந்துகொள்ளும். சாஃப்ட்வேரோ பழைய பெயரைத் தேடும். இல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது? அருவி நின்றுபோகும். எதுவும் கெடவில்லை, எதுவும் உடையவில்லை. பிளக் ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று காலை பிளக் பக்கத்துத் துளையில் இருந்தது.

குணா, போனில் நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். "சார், செட்டிங்ஸ்ல பாருங்க, டிவைஸ் பேருக்குப் பின்னாடி ரெண்டுன்னு ஏதாவது இருக்கா?" என்றீர்கள். பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை என்றேன். முதல் பாதி உண்மை. நேரில் வருகிறேன் என்றீர்கள். வேண்டாம், விண்டோஸைத் திரும்பப் போடுகிறேன், எல்லாம் கலைந்து கிடக்கிறது என்றேன். உங்களைப் போன்ற புத்திசாலி இளைஞர்கள் நாட்டுக்குத் தேவை. செம்பாக்கத்துக்கு உடனடியாகத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ச் சரிசெய்வேன். அருவி விழும், பல்பு எரியும், காந்தாம்மா காபியும் மெதுவடையும் கொண்டுவருவார். ஞாயிறு காலை வந்து உட்கார்ந்ததும், "எதற்கும் ஒருமுறை ஒயர் எல்லாம் பார்த்துவிடுகிறேன்" என்று கம்ப்யூட்டர் கேபினட்டுக்குப் பின்னால் குனிவேன். அருவி நின்றுவிடும். தசரதன் சிலேட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போவார். நான் மைக்கை எடுப்பேன்.

சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். சங்கத்தில் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம் அத்தனையும் செய்து காட்டினேன். ரெக்கார்டிங் பட்டியலில் மைக்குக்குப் பதில் லைன்-இன்னில் டிக் போட்டேன். மியூட் டிக்கை எடுத்தேன். மைக் பூஸ்ட்டை அணைத்தேன், ஏற்றினேன், மறுபடி அணைத்தேன். டிரைவரை மாற்றினேன். கேபிளில் காந்த வளையம் மாட்டினேன். ஒரு வாரம் குற்றத்தை மிக்ஸி மேல் போட்டேன். மிக்ஸி ஓடினால் மின்சாரத்தில் அழுக்கு வரும், அது சவுண்டு கார்டைக் குழப்பும் என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. காந்தாம்மா மாடிப்படிக்கு அடியில் கிடந்த அம்மியைக் கழுவி, சனி ஞாயிறு இரண்டு நாளும் தேங்காய்ச் சட்னியை அதில்தான் அரைத்தார். மணிக்கட்டில் வலி என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார். அம்மிச் சட்னியின் ருசியே தனி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இன்னா சார் பேஜாரா கீது," என்பார். "சனிக்கெயம ஜோரா வேல செய்து. ஞாயித்துக்கெயமன்னா மட்டும் மக்கர் பண்ணுது. ஞாயித்துக்கெயம ஆவாத மிஷினா இது?"

"சில மிஷினுக்கு அப்படி ஒரு ராசி உண்டு காந்தாம்மா," என்றேன்.

அவர் நம்பினார். தசரதனும் நம்பினார். ஒருநாள் சிலேட்டில், "ரங்கா உனக்குத்தான் எவ்ளோ கஷ்டம்" என்று எழுதிக் காட்டினார். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி பிறந்தபோது நெட்டில் ஒரு அறிவிப்பு செய்தேன். ஞாயிறு நெட்டை இனி நிரந்தரமாக ரங்கன் நடத்த வேண்டும் என்று தசரதன் விரும்புகிறார் என்றேன். அன்று சிலேட்டில் என்ன இருந்தது என்கிறீர்களா? மழை வருமா என்று கேட்டிருந்தார். ஆனால் ஒரு மனிதரோடு மாதக்கணக்கில் பழகினால் அவர் எழுதாததும் நமக்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். இந்த வருஷம் அது சனிக்கிழமை, விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. தசரதனுக்கு ஒரே சந்தோஷம். புதுசாக எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? விஜயதசமி காலையே முதல் எழுத்தைக் காற்றில் அனுப்பிவிட வேண்டும் என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். நீங்கள் எல்லாரும் அதற்காக ஞாயிறு காலை கம்ப்யூட்டரைப் போட்டுத் தயாராக இருப்பதாகச் சொன்னீர்கள். நான் சனிக்கிழமை மதியமே போய் எல்லாவற்றையும் சரிசெய்து, பல்பை எரிய வைத்துக் காட்டிவிட்டு, பொரியும் சுண்டலும் சாப்பிட்டேன்.

கடைத் தராசு, லாரிச் சாவி, மோட்டார் பைக், ரேடியோ, மானிட்டர், கீபோர்டு என்று வீட்டில் இருந்த அத்தனைக்கும் காந்தாம்மா சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். நம் வீடுகளில் வழக்கம்தானே. முன்பக்கத்தோடு விட்டிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் என்ன செய்தார், நான் கிளம்பிப் போன பிறகு கேபினட்டைத் திருப்பி, பின்பக்கத்துக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அதிலும் அந்தச் சவுண்டு கார்டுக்கு. கண் பட்டது அதற்குத்தான் என்று அவருக்கு எண்ணம். பிளக்கும் கேபினட்டும் சேரும் இடத்தில், இரண்டின் மேலும் படும்படி, ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். ராத்திரி முழுக்க அது காய்ந்திருக்கிறது.

காலையில் போனேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு, அவசரமாக. தசரதன் புது வேட்டி கட்டிக்கொண்டு கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் வேண்டாம், இன்றைக்கு ஸ்பீக்கரில் வரட்டும் என்று எழுதியிருந்தார். நல்ல நாள், மறுக்கவில்லை. உங்கள் குரல்கள் கேட்டன. எல்லாரும் வந்துவிட்டீர்கள்.

"எதற்கும் ஒருமுறை ஒயர் பார்த்துவிடுகிறேன்," என்றேன்.

பின்னால் இருட்டு. கை பழகிய கை, கண் தேவையில்லை. பிளக்கை எடுத்துப் பக்கத்துத் துளையில் வைத்தேன். ஏதோ பொருக்கு மாதிரி உதிர்ந்தது. விரல் பிசுபிசுத்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் சந்தனமும் குங்குமமும்.

விரலில் குங்குமம் ஒட்டிக்கொண்டால் நாமெல்லாம் என்ன செய்வோம், சொல்லுங்கள் மேடம். பேண்ட்டில் துடைப்போமா? பூஜை செய்த குங்குமம். கை தானாக நெற்றிக்குப் போகும். என் கையும் போயிற்று. யோசித்துச் செய்திருந்தால் கைக்குட்டையில் துடைத்திருப்பேன். பக்தி வந்து காரியத்தைக் கெடுத்தது.

நிமிர்ந்தேன். தட்டில் பொங்கலோடு காந்தாம்மா வாசலில் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள வரச்சொல்ல நெத்தி வெறுமையா இருந்திச்சு. இப்ப குங்குமம் கீது?"

"பூஜை ரூமில் வைத்துக்கொண்டேன் காந்தாம்மா."

"பூஜ ரூமா? இன்னும் கதவே தொறக்கல சார். சாவி என் இடுப்புல கீது."

தட்டைக் கீழே வைத்தார். மாடத்திலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, என்னை ஒதுங்கச் சொல்லாமலே ஒதுக்கிவிட்டு, பின்னால் அடித்துப் பார்த்தார்.

"தே, இங்க வந்து பாரு," என்று கணவரைக் கூப்பிட்டார். "நான் வெச்ச பொட்டு ஒண்ணு. இப்ப பாதி இங்க கீது, பாதி அங்க கீது. ராவோட ராவா நடந்துகினு போச்சா இது?"

தசரதன் எழுந்து வந்து முட்டிபோட்டு உட்கார்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பாதியையும் பார்த்தார். பிளக்கை மெதுவாக இழுத்தார். உடைந்த அப்பளத்தைச் சேர்த்துப் பார்ப்பதுபோல, பாதிப் பொட்டைப் பாதிப் பொட்டோடு வைத்துப் பார்த்துச் சொருகினார். சாஃப்ட்வேரை மூடித் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமைகளில் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அருவி விழ ஆரம்பித்தது.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீபோர்டுக்குப் போனார். ஒற்றை விரல். "இன்னாபா அல்லாரும் கீறீங்களா." அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, நான் மட்டும்தான் கவனித்திருப்பேன். ஸ்பீக்கரில் ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். பிறகு நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள், ஒழுங்கே இல்லை. குணா, நீங்கள் பேச முயன்று பேச முடியாமல் மைக்கை விட்டுவிட்டீர்கள். நான் நடத்திய எந்த நெட்டிலும் அப்படிக் கட்டுப்பாடு குலைந்ததில்லை.

அவர் அடுத்ததைத் தட்டினார். "ஏம்பா ஒருத்தரும் என்ன பாக்க வரல. மீனு வாங்கி வெச்சனே."

மேடம், நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "தசரதன், யாரும் வர வேண்டாம்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க?"

அந்த வார்த்தை ஸ்பீக்கரில் வந்ததும் அவர் விரல் நின்றது. அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். காந்தாம்மாவும் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, "அம்மியில அரைக்க வெச்சியே சார், உன்ன அண்ணன் மாதிரி நெனச்சேனே," என்று மட்டும் சொன்னார். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம், நான்தான். ஒவ்வொரு ஞாயிறும் பிளக்கை மாற்றியது நான். சிலேட்டில் இல்லாததைப் படித்தது நான். வர வேண்டாம் என்றது நான். மீன் சாப்பிட்டதும் நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் குரலைத் திருடினேன் என்று குற்றச்சாட்டில் போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் ஏற்க மாட்டேன். போன குரலை நான்தான் அத்தனை மாதமும் பத்திரமாக வைத்திருந்தேன்.

தசரதனுக்கு என்மேல் கோபம் என்று வெளியே பேச்சு இருப்பதாகக் கேள்வி. தவறான செய்தி. அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு இப்போது உள்பக்கம் பூட்டுப் போட்டிருப்பது வாஸ்தவம்தான். அந்தத் தெருவில் நாய்த் தொல்லை அதிகம். அன்று நான் செருப்பு மாட்டும்போது தசரதன் வாசல் வரை வந்தார். சிலேட்டில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் படித்து முடித்ததும் உள்ளங்கையால் அழித்துவிட்டார். காந்தாம்மா பார்க்கவில்லை. என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

என்ன எழுதினார் என்று கேட்கிறீர்கள். டேப் ஓடுகிறதல்லவா? கொஞ்சம் மைக்கை என் பக்கம் தள்ளுங்கள், குணா. நான் படிக்கிறேன்.

"அன்புள்ள நண்பர் ரங்கனுக்கு, நடந்தவற்றில் எனக்கு எந்த மனவருத்தமும் இல்லை. தங்கள் சேவையை என்றும் மறவேன். ஞாயிறு நெட்டை இனியும் தாங்களே நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சிலேட்டில் இருந்தது இரண்டே சொல். மொழியை மட்டும் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.